வாப்பாட கத்தி

தாடி வைத்தவனுக்குச் சவரக்கத்தி எதற்கு என்று கேட்கப்போகிறீர்கள். கழுத்தும் கன்னமும் இருக்கின்றனவே. தாடியை ஒழுங்காக வைத்துக்கொள்ள வாரத்துக்கு இரண்டு தடவை கத்தி படத்தான் வேண்டும்.

2022இல் எல்லாருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. மே மாதம் 360 ஆனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தளவுக்குப் போனது. ஆசிரியர் சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தது. பால்மா, மண்ணெண்ணெய், பிள்ளையின் கொப்பி என்று கழித்துக்கொண்டே வந்தால், பல பிளேட் அடுக்கிய அந்த ரேசர் தலை வாங்க மனம் வரவில்லை. ஒரு தலையை மூன்று மாதம் இழுத்தேன். கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளம். அப்போதுதான் வாப்பாவின் பழைய தோல் பையை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன்.

உள்ளே மடிப்புக் கத்தி ஒன்று. மூத்தவாப்பா பாவித்தது. வால் பக்கத்தில் சோலிங்கன் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். ஜேர்மனியில் கத்திகளுக்குப் பேர்போன ஊர் அது. பிடி வெடித்திருந்தது. அலகில் துரு புள்ளி புள்ளியாக. வாயில் நகத்தை வைத்தால் வழுக்கியது, பிடிக்கவில்லை.

இந்தக் கத்தி பிழைத்ததே ஒரு கதை. 2004 டிசம்பர் 26 காலையில் வாப்பா ஒரு பிள்ளைக்கு முடி இறக்கப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரின் மேற்குப் பக்கம் போயிருந்தார். பிள்ளைக்கு அவர் பாவித்தது புதிய பிளேட் பூட்டிய சிறிய கத்திதான். ஆனாலும் அவருடைய வாப்பாவின் கத்தி எப்போதும் பையில் கிடக்கும். கடல் வந்தது. கரையோரத்தில் இருந்த எங்கள் வீடு போனது. உம்மாவின் தையல் மெசின் போனது. மூத்தவாப்பாவின் தீட்டுக்கல்லும் தோல்வாரும் போயின. நாங்கள் இருந்தோம், அல்ஹம்துலில்லாஹ். கத்தி இருந்தது. அதைத் தீட்டுகிற கல் இல்லை.

கல் வாங்கலாம்தானே என்று இணையத்தில் தேடினேன். 1000இல் ஒன்று, 5000இல் ஒன்று, 8000இல் ஒன்று, 12000இல் ஒன்று, அதற்கப்புறம் தோல், பசை. இந்த எண்கள் கல்லிலுள்ள துகளின் நுணுக்கத்தைச் சொல்பவை. எண் கூடக்கூடத் துகள் சிறிது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் என் ஒரு மாதச் சம்பளம் காணாது. சவரச் செலவைக் குறைக்கப் போனவனுக்கு அது சரிவராத கணக்கு.

முதலில் செய்தது பிழை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இறைச்சிக் கத்தி தீட்டுகிற சமையலறைக் கல்லை எடுத்து, அதே கோணத்தில் சாய்த்துப் பிடித்து நாலு இழுவை இழுத்தேன். வாப்பா விறாந்தைக் கதிரையில் இருந்தார். சத்தத்தைக் கேட்டே எழும்பி வந்துவிட்டார்.

“என்ன மனே செய்றாய்? மாடா அறுக்கப் போறாய்?”

கத்தியை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். வாயில் இரண்டு இடத்தில் பொடியாகப் பல் விழுந்திருந்தது. ஏசவில்லை.

“இதுக்கு முதுகும் வாயும் ஒண்டாக் கல்லுல படுக்கணும். முதுகு தூக்கினா வாய் செத்துரும்.”

அந்த ஒரு வசனத்தில்தான் முழு வித்தையும் இருக்கிறது. இறைச்சிக் கத்திக்குக் கோணத்தை நாம் கையால் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்தக் கோணத்தைச் செய்தவனே அலகுக்குள் வைத்துவிட்டான். முதுகின் தடிப்பையும் அலகின் அகலத்தையும் கணக்குப் பண்ணி, இரண்டையும் கல்லில் படுக்கப் போட்டால் வாய்க்கு 16, 17 பாகையளவில் கூர் வரும்படி செய்திருக்கிறான். நம்முடைய வேலை அந்தக் கணக்கைக் கெடுக்காமல் இருப்பது மட்டும்தான்.

வாப்பாவுக்கு எழுபதுக்குக் கிட்ட வயது. கை நடுங்குகிறது. அவர் சொல்ல நான் செய்தேன். கல்லுக்குக் காசில்லாத இடத்தில் நாங்கள் செய்தவற்றை ஒழுங்காக எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

ஒரு தடித்த கண்ணாடித் துண்டு. பழைய மீன்தொட்டியின் பக்கக் கண்ணாடி கிடந்தது. கண்ணாடி மட்டமாக இருக்கும், அதுதான் வேண்டும். அதன்மேல் தண்ணீர் தெளித்து, வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் தேய்க்கும் தண்ணீர்ப் பேப்பரை விரித்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். 1000, 1500, 2000, 2500 என்று நாலு தாள் வாங்கினேன். 500 ரூபாவுக்குள் முடிந்தது. கல்லின் எண்ணும் பேப்பரின் எண்ணும் ஒன்றல்ல என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். 2000 பேப்பரின் துகள் 10 மைக்ரோனளவு. 8000 கல்லின் துகள் அதைவிட எத்தனையோ மடங்கு சிறிது.

கத்தியின் முதுகில் மின்சார வேலைக்குப் பாவிக்கும் டேப் ஒரு சுற்று ஒட்ட வேண்டும். முதுகு தேயாது. பேப்பரில் தீட்டும்போது முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபட வேண்டும். வாயை முன்னே தள்ளினால் பேப்பரைக் கொத்தும். அழுத்தக் கூடாது, கத்தியின் சொந்தப் பாரமே காணும். “எழுதின கரும்பலகைய ஈரத்துணியால தொடைக்கிற மாதிரி” என்று எனக்கு விளங்கும்படி சொன்னார் வாப்பா.

சரியான இடத்தில் தேய்கிறதா என்று பார்க்க, ஆசிரியர்களாகிய நம்மிடம் எப்போதும் இருக்கும் ஒரு சாமான் போதும். அழியாத மார்க்கர். வாயின் ஓரத்தில் மையைப் பூசி இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கத்தி படுகிறது. ஓரம் வரைக்கும் முழுதாக மை போகவில்லை என்றால் 1000ஐ விட்டு மேலே ஏறவே கூடாது. நான் பொறுமையில்லாமல் இரண்டு தரம் ஏறி, இரண்டு தரமும் திரும்பி இறங்கினேன். அடித்தளம் பிடிக்காத பிள்ளையைத் தரம் ஏற்றி விடுவது போலத்தான். அடுத்த வகுப்பில் எவ்வளவு தேய்த்தாலும் வராது.

விழுந்த பல் மறைய மூன்று பின்னேரம் போனது. அலகின் நடுவிலிருந்த துருவை எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்ததோடு விட்டுவிட்டேன். அது வாயில் இல்லாதவரை ஒன்றும் செய்யாது.

பேப்பர் மட்டும் காணாது, நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2500 முடித்துவிட்டுக் கழுத்தில் வைத்தேன், பிடுங்கி எடுத்தது. அதற்காக ஒரு கல் வாங்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் 3000, மறுபக்கம் 8000. மச்சானும் நானும் பாதிப் பாதி போட்டோம். கல்லில் மாத்திரம் வாய் முன்னே போகவேண்டும், கல்லிலிருந்து மெல்லிய தோலைச் சீவுவது போல. கல் குழி விழுந்தால் அதே கண்ணாடியில் பேப்பரை விரித்துக் கல்லையே தேய்த்து மட்டமாக்கலாம். பேப்பர் வாங்கிய காசு வீணில்லை.

ஒரு விசயம். சைக்கிளில் சாணைச் சக்கரம் கட்டி வருகிறவரிடம் இந்தக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அவரில் பிழையில்லை. சக்கரத்தில் வாய் சூடேறும். மெல்லிய உருக்கு 200 பாகை தாண்டினாலே இளகத் தொடங்கும். நீல நிறம் ஓடிவிட்டால் அந்த இடம் இனிக் கூர் தாங்காது.

அடுத்தது தோல். இருந்த காசு கல்லோடு முடிந்ததால், வாப்பாவின் பழைய இடுப்புப் பெல்ட்டை வெட்டினோம். இரட்டைத் தையல் இல்லாத, ஒரே தோலில் செய்த அகலமான பெல்ட் வேண்டும். குர்பான் தோலில் ஒரு துண்டு எடுத்துக் காயவைத்தால் என்ன என்று கேட்டேன். “பதப்படுத்தாத தோல் நாறும் மனே. ஒன்ட பொஞ்சாதி கத்தியோட சேத்து ஒன்னையும் வெளிய போட்டுருவா” என்றார்.

பெல்ட்டை யன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதுகு முன்னே போக வழிக்க வேண்டும். முனையில் திருப்பும்போது முதுகிலேயே உருட்டித் திருப்ப வேண்டும். கத்தியைத் தூக்கித் திருப்பினால் தோலும் வெட்டுப்படும், வாயும் மடங்கும். என் பெல்ட்டில் இப்போதும் மூன்று வெட்டு இருக்கிறது. முதலில் பழைய டெனிம் துணியில் 20 தரம், பிறகு தோலில் 40 தரம். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால். இது இரண்டு நிமிட வேலை. இதைத் தவறாமல் செய்தால் கல்லுக்கு மாதக்கணக்கில் வேலையில்லை. தோல்வார் இல்லாத நாளில் பத்திரிகைத் தாளைக் கண்ணாடியில் விரித்தும் வழிக்கலாம். மூத்தவாப்பா வெளியூர் போனால் அப்படித்தான் செய்வாராம்.

கூர் கொஞ்சம் குறைவதாகத் தெரிந்தால் பச்சைப் பசை. உலோகம் பொலிஷ் பண்ணுகிறவர்கள் பாவிக்கும் பச்சைக் கட்டியில் இருப்பது குரோமியம் ஒக்சைட்டு. சுத்தமானதென்றால் துகள் அரை மைக்ரோனளவுதான் இருக்கும். கடைக் கட்டியில் பெருந்துகளும் கலந்திருக்கும். ஆதலால் டெனிம் துணியின் ஒரு துண்டில் மட்டும் கிரேயோன் போல மெல்லிசாகப் பூசி, பத்துத் தரம். தோலில் பூசக் கூடாது. ஒருமுறை பூசினால் பிறகு எடுக்கமுடியாது.

மயிர் மிருது, உருக்கு கடினம், பிறகு ஏன் கத்தி மழுங்குகிறது? இதை எனக்கு ஒரு மாணவன் கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பிளேட்டுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். மயிர் உருக்கைவிட 50 மடங்கு மிருதுவானது. ஆனாலும் வெட்டுப்படும் வேளையில் மயிர் வளைந்தால், வாயில் உருக்கின் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் பொடித் துண்டு உடைந்து விழுகிறது. ஆகவே மயிர் வளையாமல் பார்த்துக்கொள்வதும் கத்திக்குச் செய்யும் பராமரிப்புத்தான். வாப்பாவுக்கு அந்த ஆய்வு தெரியாது. ஆனால் சூடான துவாயைக் கழுத்தில் போட்டு, சவர்க்கார நுரையை இரண்டு தரம் பூசி ஊறவிட்டு, மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிக்காமல் அவர் யாருக்கும் கத்தி வைத்ததில்லை. கத்தி 30 பாகையளவில் சாய்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் படிகாரத்தை நனைத்துத் தடவினால் பொடி வெட்டுகள் அடங்கும்.

கடைசியாகத் துரு. கடற்கரை ஊர்களில் யன்னல் கம்பியே உப்புக் காற்றில் அரித்துப்போகிறது. கழுவி, துடைத்து, தோலில் நாலு தரம் வழித்து ஈரம் போக்கி, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாகப் பிசின் பிடிக்கும். குளியலறையில் வைக்கவே கூடாது. இன்னொன்று, இந்தக் கத்தி ஒருவருக்கு மட்டும். தம்பிக்கும் இல்லை, மச்சானுக்கும் இல்லை. மஞ்சட்காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் இரத்தத்தால் பரவுபவை. வாப்பா கடையில் இந்தக் கத்தியை நிறுத்தி, ஆளுக்கொரு புது பிளேட் பாவிக்கத் தொடங்கியது அதனால்தான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன்.

வாப்பா ஒஸ்தா. மூத்தவாப்பாவும் ஒஸ்தா. ஊரில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இதை நானாக வாயைத் திறந்து சொன்னதில்லை. கல்வியியற் கல்லூரிக்குப் போனபோது படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஓரிடம் இருந்தது. வியாபாரம் என்று எழுதினேன். விடுதியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போவதற்கு முதல்நாள் இரவு, பொடியன்மார் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டார்கள். ஒருவனுக்குக் காதுக்கு மேலே படிக்கட்டு மாதிரி வெட்டிவிட்டான் இன்னொருவன். பத்து நிமிடத்தில் நான் சரிபண்ணியிருப்பேன். பன்னிரண்டு வயதிலிருந்து வாப்பாவின் கடையில் நின்றவன் நான். தெரிந்த கையைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்களில் சாதியில்லை என்று ஜும்ஆவில் கேட்கிறோம், நாமும் சொல்கிறோம். பிள்ளை பிறந்தால் தலைமுடி இறக்கி, அதன் நிறைக்கு வெள்ளியைத் தர்மம் செய்வதை நன்மை என்கிறோம். சுன்னத்தை மார்க்கக் கடமை என்கிறோம். அதைச் செய்துதந்த குடும்பத்தில் பெண் கொடுப்பதென்றால் மட்டும் “விசாரிச்சுப் பாப்பம்” என்கிறோம். எனக்கு வந்த முதல் சம்பந்தம் அப்படித்தான் விசாரிப்போடு நின்றது.

போன மாதம் தரம் 8இல் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வாங்கில் ஒருவன் இன்னொருவனை “டேய் ஒஸ்தா, பென்சிலத் தா” என்றான். மூன்று நாலு பேர் சிரித்தார்கள். அழைக்கப்பட்டவனின் வாப்பா சலூன் வைத்திருக்கிறார். பிள்ளை தலையைக் குனிந்தபடி பென்சிலைக் கொடுத்தான். நான் “சத்தம் போடாதீங்க” என்றேன். கரும்பலகைக்குத் திரும்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அன்றிரவு பெல்ட்டில் கத்தியை வழித்துக்கொண்டிருந்தேன். முனையில் தூக்கிவிட்டேன், மூன்றாவது வெட்டு விழுந்தது. வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை இங்க இல்ல. என்ன?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் புள்ளட வாப்பாட கட எங்க இரிக்கு?” என்று கேட்டார். சொன்னேன். “அவன்ட வாப்பாவ எனக்குத் தெரியும். நல்ல கை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

ஒஸ்தா என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? உஸ்தாத். பாரசீகத்திலிருந்து வந்து நம்மவர் நாவில் தேய்ந்து ஒஸ்தா ஆனது. மதரசாவில் ஓதித்தருபவரை உஸ்தாத் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறோமே, அதே சொல். வித்தை தெரிந்தவர், ஆசான். வாப்பாவைக் கூப்பிட்ட அதே சொல்லால்தான் எனக்கும் சம்பளம் வருகிறது. அதைத்தான் பதினைந்து வருடமாக மறைத்துக்கொண்டு திரிந்தேன்.

திங்கட்கிழமை அதே வகுப்புக்குப் போனேன். பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னர் பலகையில் இரண்டு சொல்லையும் எழுதி, இது எப்படி அதுவானது என்று சொன்னேன். பிறகு, “எங்கட வாப்பாவும் ஒஸ்தாதான். நானும் கடையில நிண்டவன்தான்” என்றேன். தொண்டை காய்ந்துபோனது. வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“சேர், அப்ப ஒங்களுக்கு மொட்ட அடிக்கத் தெரியுமா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தெரியும் என்றேன். பென்சில் கொடுத்த பிள்ளை சிரித்தானா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் இடைவேளையில் அவன் என் மேசைக்குக் கிட்ட வந்து, அவனுடைய வாப்பாவிடமும் இப்படியொரு மடிப்புக் கத்தி இருப்பதாகவும் துருப்பிடித்துக் கிடப்பதாகவும் சொன்னான். எந்தப் பேப்பர் வாங்க வேண்டும் என்று கேட்டான். கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். வாப்பாவிடம் கொடு, நீ கை வைக்காதே என்றும் எழுதினேன்.

எதைச் செய்தாலும் அழகாகச் செய்யும்படி அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், அறுக்கும்போதுகூடக் கத்தியைக் கூராக்கி அந்த உயிரின் வேதனையைக் குறைக்கும்படியும் ரசூலுல்லாஹ் (ஸல்) சொல்லித்தந்ததை ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் கேட்கிறோம். வாப்பா நாற்பது வருடமாக, வலிக்காமல் கத்தி வைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் தினமும் தோலில் வழித்துக்கொண்டிருந்தார். அதைத் தொழில் படிவத்தில் எழுத நான் வெட்கப்பட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவுக்கு நான்தான் முகம் வழிக்கிறேன். அவருடைய கத்தி வேறு, என்னுடையது வேறு. அவருக்குப் புது பிளேட் பூட்டியது. கழுத்துக்கு வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். முடிந்ததும் கையால் தடவிப் பார்ப்பார். போன வாரம், “நாடிக்குக் கீழ ஒரு இடம் விட்டுட்டாய்” என்றார். பார்த்தேன். உண்மைதான், விட்டிருந்தேன்.

பழைய கத்தி யாருடைய வீட்டிலாவது கிடந்தால் இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். வழி கேட்டால் சொல்கிறேன். எனக்குத் தெரியாததை வாப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். அவருக்காக துஆச் செய்யுங்கள்.